குரல் கேட்ட தேதி

மனச்சிதைவா, இருதுருவ நோயா என்று மருத்துவர்களே தயங்கும் ஒரு நோய் இருக்கிறது. ஸ்கேன் அதைக் காட்டாது, ரத்தப் பரிசோதனையும் காட்டாது. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் காட்டும்.

ஏதாவது ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். இப்படி ஓர் உரையாடல் எப்படியும் காதில் விழும். ஆட்கள் மாறுவார்கள், ஊர் மாறும். கேள்விகள் மாறாது.

"எப்போலேர்ந்து இப்படி இருக்காங்கம்மா?"

"ரொம்ப நாளா சார்."

"ரொம்ப நாள்னா? ஏதாவது விசேஷத்தை வெச்சுச் சொல்லுங்க."

"ஆவணியில சின்னவளுக்கு வளைகாப்பு சார். அன்னிக்குத்தான் பந்தியில உட்கார்ந்துக்கிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தா."

"அப்போ தூக்கம்?"

"தூக்கமா? ராத்திரி ரெண்டு மணிக்குப் பரண்ல இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்ப்பா. கேட்டா, ஹோட்டல் ஆரம்பிக்கப் போறேம்பா. கடன் வாங்கிப் பதினோரு புடவை எடுத்துட்டு வந்து நின்னா."

"அது எப்ப அடங்குச்சு?"

"கார்த்திகை தீபத்துக்கு விளக்கு ஏத்தறப்ப அமைதியாயிட்டா சார். பழைய மாதிரி."

"குரல் கேட்கிறது?"

அம்மா கொஞ்சம் யோசிக்கிறார். "அது நிக்கல சார். நல்லாச் சாப்பிட்டா, நல்லாத் தூங்கினா, தையல் மெஷின்ல உட்கார்ந்து துணிகூடத் தைச்சா. ஆனா பொங்கல் வரைக்கும் அந்தக் குரலோட பேசிக்கிட்டேதான் இருந்தா."

மருத்துவர் அந்தக் கடைசிப் பதிலை நோட்டில் எழுதி அடியில் கோடு போடுகிறார். அம்மாவுக்குப் புரியவில்லை. கடன் வாங்கிப் புடவை எடுத்ததற்குக் கோடு போடாதவர், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியதற்குப் போய் ஏன் கோடு போடுகிறார்?

நோயின் பெயரை முடிவு செய்ததே அந்த வரிதான். அந்தப் பெயர் 'ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறு'.

இரண்டு ஓடை, ஒரு வாய்க்கால்

வாயில் நுழையாத பெயர். பிரித்துப் பார்த்தால் சுலபம். 'ஸ்கிசோ' என்ற பாதி 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் மனச்சிதைவு நோயிலிருந்து வந்தது. 'அஃபெக்ட்' என்றால் மனநிலை, உணர்ச்சி. மனச்சிதைவின் அறிகுறிகளும் மனநிலை நோயின் அறிகுறிகளும் ஒரே ஆளிடம் கலந்து ஓடுவதுதான் இந்த நோய்.

மனச்சிதைவின் பக்கத்திலிருந்து வருபவை இவை: யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, எதிர்வீட்டுக்காரர் தன் எண்ணங்களைத் திருடுகிறார் என்றோ, டி.வி.யில் செய்தி வாசிப்பவர் தனக்கு மட்டும் சாடை காட்டுகிறார் என்றோ யார் சொல்லியும் அசையாத நம்பிக்கை. கோர்வை இல்லாமல் சிதறும் பேச்சு. எதிலும் பிடிப்பில்லாமல் ஒடுங்கிப் போவது.

மனநிலைப் பக்கத்தில் இரண்டு துருவங்கள். ஒன்று 'மேனியா' எனும் மனவெழுச்சி: தூங்காமலே களைப்பு தெரியாது, பேச்சு நிற்காது, கையில் இல்லாத காசு செலவாகும், நடக்காத திட்டங்கள் நாளைக்கே நடந்துவிடும்போல் இருக்கும். இன்னொன்று மனச்சோர்வு: பிடித்தது எதுவும் பிடிக்காது, பசி போகும், எழுந்து பல் துலக்குவதே மலையேறுவதுபோல் இருக்கும். இரண்டு துருவங்களும், அல்லது எழுச்சி மட்டும், வருகிறவர்களுக்கு 'இருதுருவ வகை'. சோர்வு மட்டும் வருகிறவர்களுக்கு 'மனச்சோர்வு வகை'.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வரலாம் என்கிறது. மனச்சிதைவு வருகிறவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அரிது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நகரத்தின் மக்கள்தொகையால் பெருக்கிப் பாருங்கள். பத்து லட்சம் பேர் உள்ள ஊரில் மூவாயிரம் பேர்.

ஒரே தெரு, மூன்று வீடு

குரல் கேட்டாலே மனச்சிதைவு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. இருதுருவ நோயிலும் குரல் கேட்கலாம். கடுமையான மனச்சோர்விலும் கேட்கலாம். அப்படியானால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? ஒரே தெருவில் மூன்று வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வீட்டில் கல்லூரி படிக்கும் பையன். பரீட்சை நேரத்தில் பத்து நாள் தூக்கம் இல்லை. தானே ஊரைக் காப்பாற்ற வந்தவன் என்கிறான், வானத்திலிருந்து குரல் வருகிறது என்கிறான். மருந்து கொடுத்து மனவெழுச்சி இறங்கியதும் குரலும் இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டும் அப்படியே: எழுச்சி வந்தபோது குரலும் வந்தது, போனபோது கூடவே போனது. இது இருதுருவ நோய். இங்கே குரல் மனநிலைக்கு நிழல் மாதிரி. ஆள் இல்லாமல் நிழல் விழாது.

இரண்டாவது வீட்டில் முப்பது வயதுக்காரர். இரண்டு ஆண்டுகளாகக் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம். நடுவில் ஒரு மாதம் மட்டும் அழுதுகொண்டே கிடந்தார். இருபத்து நான்கு மாதத்தில் ஒரு மாதம். இது பெரும்பாலும் மனச்சிதைவு. சோர்வு அதில் வந்துபோன விருந்தாளி.

மூன்றாவது, நாம் முதலில் கேட்ட அம்மாவின் வீடு. வளைகாப்பிலிருந்து பொங்கல் வரை சுமார் நாலரை மாதம். அதில் மூன்று மாதம் எழுச்சியும் குரலும் சேர்ந்தே இருந்தன. கடைசி ஆறு வாரம் எழுச்சி இல்லை. குரல் மட்டும் தனியாக நின்றது.

அமெரிக்கக் கையேட்டின்படி, மருத்துவர் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் முக்கியமாக இரண்டு. மனநிலை சீராக இருந்த காலத்தில், குரலோ பொய் நம்பிக்கையோ குறைந்தது 2 வாரமாவது தனித்து நின்றதா? நோய் இருந்த மொத்தக் காலத்தில் பாதிக்கு மேல் மனநிலை மாற்றமும் இருந்ததா?

முதல் கேள்விக்கே 'இல்லை' என்றால் இருதுருவ நோய், அல்லது குரலோடு வரும் மனச்சோர்வு. முதலாவதற்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் மனச்சிதைவின் பக்கம். இரண்டுக்கும் 'ஆம்' என்றால் ஸ்கிசோஅஃபெக்டிவ். மருத்துவர் கோடு போட்டது முதல் கேள்விக்கு 'ஆம்' கிடைத்த இடத்தில்.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் கணக்கு கொஞ்சம் வேறு. அது நோயின் முழு வரலாற்றையும் எடை போடுவதில்லை. ஒரு தடவை நோய் வந்தபோது இரண்டு வகை அறிகுறிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கி, ஒரு மாதமாவது சேர்ந்து இருந்தனவா என்று பார்க்கிறது. இது காலண்டரில் ஒரு தாளைப் படிக்கிறது, அமெரிக்கக் கையேடு மொத்தக் கட்டையும் படிக்கிறது. அதனால்தான் ஒரே ஆளின் நோட்டில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் எழுதுவது நடக்கிறது. அதில் யாரும் பொய் சொல்லவில்லை.

அட்டைகள் வைத்திருந்த பேராசிரியர்

தேதியை வைத்து மனநோயைப் பிரிக்கும் வழி இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்லின் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு வைத்தார். எப்போது வந்தார், என்ன அறிகுறி, எப்படிப் போனார், மறுபடி எப்போது வந்தார் என்றெல்லாம் அதில் குறித்தார். ஒரு நாள் பார்த்து நோயைச் சொல்ல முடியாது, அது போகும் பாதையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அட்டைகளை அடுக்கி அடுக்கி, 1899-ல் வெளிவந்த தன் பாடநூல் பதிப்பில் பெரும் மனநோய்களை இரண்டு பெட்டிகளில் போட்டார். ஒன்றில், போகப்போகச் சிதைந்துகொண்டே செல்வது. 1911-ல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் எழுதிய நூலால் அதற்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயர் நிலைத்தது. மற்றதில், வந்து வந்து தெளிகிற எழுச்சி-சோர்வு நோய்.

இரண்டு பெட்டியிலும் அடங்காத அட்டைகள் மிஞ்சின. கிரெப்லினே 1920-ல் எழுதிய கட்டுரையில், இரண்டையும் எல்லாரிடமும் திட்டமாகப் பிரித்துவிட முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பெட்டி செய்தவரே 'இதில் மூடி சரியாகப் பொருந்தவில்லை' என்று சொன்ன கதை.

1933-ல் அமெரிக்காவில் ஜேக்கப் கசானின் என்ற மருத்துவர், அப்படி மிஞ்சிய ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். எல்லாரும் இளம் வயதினர். நன்றாக வேலைக்குப் போய்வந்தவர்கள், திடீரென்று கலங்கிப் போனார்கள். குரலும் பயமும் உணர்ச்சிக் கொந்தளிப்பும் ஒருசேர வந்தன. சில வாரங்களிலோ மாதங்களிலோ தெளிந்துவிட்டார்கள். 'ஸ்கிசோஅஃபெக்டிவ்' என்ற சொல்லை அவர்தான் வைத்தார்.

சொல் வந்துவிட்டது, வரையறை வரவில்லை. அமெரிக்கக் கையேடு முதலில் இதை மனச்சிதைவின் ஒரு கிளையாகவே வைத்திருந்தது. 1980-ல் வந்த பதிப்பு மற்ற நோய்களுக்கெல்லாம் வரிசையாக விதிகள் எழுதி, இந்த ஒன்றுக்கு மட்டும் எழுதாமல் விட்டது. 1987-ல் அந்த '2 வாரம்' என்ற விதி வந்தது. 2013-ல் 'பாதிக்கு மேல்' என்ற விதி இறுக்கப்பட்டது.

இத்தனை குழப்பம் ஏன்? உடம்பே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஸ்வீடனில் 20 லட்சம் குடும்பங்களின் பதிவுகளை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வு, மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் பரம்பரைக் காரணங்களில் கணிசமான பகுதி பொதுவானது என்று காட்டியது. கோடு மனிதர் போட்டது. மரபணு அதை மதிப்பதில்லை. ஆனாலும் கோடு வேண்டியிருக்கிறது. மருந்தை எழுத வேண்டுமே!

இரண்டு கரையிலிருந்து வந்த இருவர்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1961-ல் மூன்று சகோதரர்கள், அவர்களின் அத்தை மகன், ஒரு நண்பன் என்று ஐந்து பேர் சேர்ந்து 'பீச் பாய்ஸ்' இசைக்குழுவைத் தொடங்கினார்கள். மெட்டு, இசையமைப்பு, ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் மூளை மூத்தவர் பிரையன் வில்சன். 1964 டிசம்பரில் ஹூஸ்டன் போகும் விமானத்தில் அவருக்குத் திடீரென்று பெரும் பதற்றம் கண்டது. அதோடு ஊர் ஊராகச் சென்று பாடுவதை விட்டு ஸ்டுடியோவுக்குள் போனார். 1966-ல் வெளிவந்த 'பெட் சவுண்ட்ஸ்' இன்றும் மேற்கத்திய பாப் இசையின் உச்சங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

இருபதுகளில் அவருக்குக் குரல் கேட்கத் தொடங்கியது. மாயத்தோற்றம் தரும் போதைப்பொருள் உட்கொண்ட பிறகே தொடங்கியதாகப் பின்னாளில் சொன்னார். அவை மிரட்டும் குரல்கள், கொன்றுவிடுவேன் என்னும். கூடவே மாதக்கணக்கில் கட்டிலை விட்டு எழ முடியாத மனச்சோர்வு. முதலில் அவருக்கு மனச்சிதைவு என்று சொல்லப்பட்டது. அந்தப் பெயர் பின்னர் விலக்கப்பட்டது. நடுவில் அவருடைய சிகிச்சையை ஏற்ற யூஜின் லாண்டி என்ற உளவியலாளர், அவர் வாழ்க்கையின் ஒவ்வோர் அங்குலத்தையும் தன் பிடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் 1989-ல் லாண்டி கலிஃபோர்னியாவில் தன் தொழில் உரிமத்தை ஒப்படைக்க நேர்ந்தது. ஸ்கிசோஅஃபெக்டிவ் என்ற பெயரும் ஒழுங்கான சிகிச்சையும் வில்சனுக்குப் பிறகுதான் கிடைத்தன.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1967-ல் பாதியில் நின்றுபோன 'ஸ்மைல்' என்ற தொகுப்பை 2004-ல் முடித்து, லண்டனில் மேடையேற்றினார். அதாவது 37 ஆண்டுகள் கழித்து. குரல்கள் முழுக்கப் போய்விடவில்லை. அவற்றோடு வாழப் பழகினார், பாடினார், 2025 ஜூனில் 82 வயதில் காலமானார்.

வில்சன் மனச்சிதைவுக் கரையிலிருந்து வந்தவர் என்றால், எதிர்க்கரையிலிருந்து வந்தவர் எழுத்தாளர் எஸ்மே வெய்ஜுன் வாங். தைவானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகள். யேல் பல்கலைக்கழகம் வரை போன படிப்பாளி. அவருக்கு முதலில் எழுதப்பட்ட பெயர் இருதுருவ நோய். பிறகு குரலும் தோற்றங்களும் வந்தன. முதல் பிரமைக்கு எட்டு ஆண்டுகள் கழித்தே ஸ்கிசோஅஃபெக்டிவ் என்று பெயர் மாறியது. ஒரு கட்டத்தில் தான் ஏற்கெனவே இறந்துவிட்டதாக உறுதியாக நம்பி, விடியும் முன் கணவரை எழுப்பி அதைச் சொல்லியிருக்கிறார். 2019-ல் வெளிவந்த 'தி கலெக்டட் ஸ்கிசோஃப்ரினியாஸ்' என்ற கட்டுரை நூலில் இதையெல்லாம் எந்தப் பூச்சும் இல்லாமல் எழுதினார்.

இருவருக்கும் நோய் ஒன்று. முதலில் சொல்லப்பட்ட பெயர்கள் வேறு. எந்த வாரத்தில் மருத்துவர் முன் போய் உட்கார்ந்தோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. எழுச்சியில் போனவருக்கு இருதுருவம், குரல் மட்டும் கேட்ட வாரத்தில் போனவருக்கு மனச்சிதைவு.

சாமி மலையேறும், நோய் ஏறாது

நம் ஊரில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மானுடவியலாளர் டி.எம். லுர்மன், சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்டோருடன் சேர்ந்து செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் மனநோயால் குரல் கேட்கும் இருபது இருபது பேரிடம், அந்தக் குரல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் ரத்தமும் வன்முறையுமான, யாரென்றே தெரியாத குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொந்தக்காரர்களின் குரல்! வேலையைப் பார் என்று விரட்டும், திட்டும், புத்தியும் சொல்லும்.

மாமியார் குரலில் வரும் நோயை வீடு எப்படி அடையாளம் காணும்? செத்துப்போன தாத்தா கூப்பிட்டார் என்று பேத்தி சொன்னால், நாம் பயப்படுவதில்லை. ஒரு படையல் போட்டுவிடுவோம். அதில் தப்பும் இல்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இறந்தவரின் குரல் கேட்பது சாதாரணமாக நடப்பது, அதுவே நோயாகிவிடாது. கோயில் கொடையில் சாமி வருவதும் நோயல்ல. உடுக்கை அடித்தால் வரும், நின்றால் மலையேறிவிடும். மறுநாள் காலையில் அந்தப் பெண் வயலுக்குப் போவார்.

வித்தியாசம் இங்கேயும் நேரத்தில்தான் இருக்கிறது. உடுக்கை நின்ற பிறகும் நிற்காத குரல், கொடை முடிந்து ஊரே கலைந்த பிறகும் தூங்கவிடாத குரல், வேலைக்குப் போகவிடாத குரல். அது கோடாங்கியைத் தாண்டி மருத்துவரிடம் போக வேண்டிய குரல். கோயிலுக்கும் போகட்டும், மருத்துவமனைக்கும் போகட்டும். ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போடும் மாதங்கள்தான் ஆபத்து.

அந்தத் தள்ளிப்போடலின் கடைசி எல்லை எது என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

பெயர் தப்பினால் மருந்து தப்பும்

"பெயரில் என்ன இருக்கிறது, மாத்திரை ஒன்றுதானே?" என்று கேட்கலாம். ஒன்றில்லை.

குரலையும் பொய் நம்பிக்கையையும் தணிக்க ஒரு வகை மருந்து. எழுச்சி-சோர்வைச் சமப்படுத்த லித்தியம், வால்ப்ரோயேட் போன்ற இன்னொரு வகை. சோர்வு வகைக்கு மனச்சோர்வு மருந்தும் சேரலாம். இருதுருவ வகைக்காரருக்குச் சோர்வு மட்டும் கண்ணில் பட்டு, மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால், அது எழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். இருதுருவம் மட்டும் என்று நினைத்து, மனநிலை சீரானதும் குரலுக்கான மருந்தை நிறுத்தினால், குரல் திரும்பி வரும். 'ஸ்கிசோஅஃபெக்டிவ்' என்று குறிப்பிட்டே அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து பாலிபெரிடோன், ஆண்டு 2009. தினமும் மாத்திரை போட மறப்பவர்களுக்கும் மறுப்பவர்களுக்கும் மாதம் ஒரு முறை போடும் ஊசியாகவும் அது வருகிறது.

லித்தியம் 1949-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் கண்டு சொன்ன பழைய மருந்து. மலிவானது, வேலை செய்கிறது. ஆனால் கத்திமேல் நடக்கும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் ஏறினாலும் நஞ்சு. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் அளவு ஏறும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது, வயிற்றுப்போக்கின்போது, தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பின்போது லித்தியம் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இருக்கக் கூடாது. கை அதிகமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், வாந்தி வந்தால் அன்றைக்கே போக வேண்டும். வால்ப்ரோயேட் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அதற்காகத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

பெயர் எழுதும் முன் வேறு காரணங்களையும் மருத்துவர் தள்ளிப் பார்ப்பார். கஞ்சா, மற்ற போதைப்பொருள்கள், தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, வலிப்பு, மூளை அழற்சி, பிரசவத்துக்குப் பின்னான மாற்றம் எல்லாமே இந்த வேஷத்தைப் போடக்கூடியவை. ரத்தமும் ஸ்கேனும் கேட்பது இதற்காகத்தான். நோயைப் பிடிக்க அல்ல, வேஷக்காரர்களைக் கழிக்க.

மருந்து பாதி. மீதி, பேச்சுச் சிகிச்சையும், தூக்க ஒழுங்கும், ஒரு வேலையும், வீட்டில் நிலவும் காற்றும். அந்தக் காற்றைப் பற்றி ஆய்வே இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவரில் தொடங்கி வந்த ஆய்வுகள், மனச்சிதைவிலிருந்து தேறி வீடு திரும்பியவரை ஓயாமல் குறை சொல்லும் வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதாகக் காட்டின. "சோம்பேறி, தின்னுட்டுத் தூங்குது" என்பது நம் வீடுகளில் சாதாரணமாக விழும் சொல். நோயின் ஒடுக்கமும், மருந்தின் மந்தமும், மனச்சோர்வும் பார்வைக்குச் சோம்பலாகத்தான் தெரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. திட்டு எதற்கும் வைத்தியமில்லை.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை

● காலண்டரில் தினமும் மூன்று குறி போதும்: எத்தனை மணி நேரம் தூங்கினார், மனநிலை மேலா கீழா சமமா, குரல் கேட்டதா. மாத்திரை விடுபட்ட நாளையும் குறியுங்கள்.

● மருத்துவர் மாறினாலும் பழைய நோட்டு, சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். புது மருத்துவருக்கு அவைதான் வரலாறு.

● குரல் பொய் என்று வாதாடாதீர்கள், உண்மை என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்குக் கேட்கல, ஆனா உனக்குக் கேட்கிறது கஷ்டமா இருக்கும்னு புரியுது" என்றால் போதும்.

● தூக்கம் குறைவதுதான் பல வீடுகளில் முதல் மணி. இரண்டு மூன்று இரவுகள் தூக்கம் போனாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

● சாக வேண்டும் என்று சொன்னால் மிரட்டல் என்று தள்ளாதீர்கள். இந்த நோயில் அந்த ஆபத்து உண்மையானது. நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

● நன்றாக இருக்கும் காலத்தில், மீண்டும் நோய் வந்தால் என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று நோயாளியே எழுதிவைக்க 2017 சட்டம் உரிமை தருகிறது. பயன்படுத்துங்கள்.

அடுத்த ஆண்டின் தாள்கள்

பொதுவாகச் சொன்னால், ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறு உள்ளவர்கள் தேறும் அளவு மனச்சிதைவைவிட மேலாகவும், தனி மனநிலை நோயைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கிறது. ஆனால் 'பொதுவாக' என்பது எந்த வீட்டுக்கும் சொந்தமான சொல் அல்ல. சிலருக்கு இரண்டொரு முறை வந்து நின்றுவிடுகிறது; சிலர் குரலோடு கூடவே வேலைக்குப் போய்வருகிறார்கள்; சிலருக்கு நீண்ட துணை தேவைப்படுகிறது. நோட்டில் எழுதிய பெயரும் சில ஆண்டுகளில் மாறலாம். காலண்டரில் தாள்கள் கூடக்கூட, முன்பு தெரியாத ஒன்று தெரியத்தானே செய்யும்.

அந்த அம்மாவிடம் மருத்துவர் கடைசியாகக் கேட்பதும் அதுதான்: "வீட்ல காலண்டர் இருக்காம்மா?"

"இருக்கு சார். மளிகைக் கடைல குடுத்தது. பால் கணக்கு எழுதுவேன்."

"அதுலயே இதையும் எழுதுங்க."

அப்படி எழுதும் வீடுகளில் முதல் சில மாதங்களின் கட்டங்கள் கறுத்துக் கிடக்கும்: பெருக்கல் குறி, வட்டம், விடுபட்ட மாத்திரை, விழித்திருந்த இரவு. பிறகு மருந்து பிடிக்கத் தொடங்கும்போது குறிகள் இடைவெளி விட்டு வரும். நாலு நாளுக்கு ஒன்று. வாரத்துக்கு ஒன்று. ஏதோ ஒரு மாதத்தில், தாளைக் கிழிக்கப் போகும் கை சற்று நிற்கும். அந்தத் தாளில் அரை லிட்டர், ஒரு லிட்டர், அரை லிட்டர் என்று பால் கணக்கு மட்டும்தான் இருக்கும்.